பிள்ளைகளின் கையில் தர்மம்: பள்ளிக்கூட வசூலும் நமது பொறுப்பும்

அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ஸய்யிதினா முஹம்மதின் வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மஈன். அம்மா பஅத்.

 

இந்த ஜும்ஆவில் பார்ப்பதற்குச் சிறியதாகத் தெரியும் ஒரு விஷயத்தைப் பேச விரும்புகிறேன். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் நம் பிள்ளைகளிடம் பள்ளிக்கூடங்களில் தர்மத்திற்காகப் பணம் வசூலிக்கிறார்கள். வெள்ள நிவாரணம், முதியோர் இல்லம், நோயாளிகளுக்கு உதவி என்று ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ ஒரு தாளைக் கொடுத்தனுப்புகிறார்கள். நாமும் ஐம்பதோ நூறோ கொடுத்துவிட்டு, "பிள்ளைக்குத் தர்ம குணம் வளரட்டும்" என்று சந்தோஷப்படுகிறோம்.

நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வசூல் நடக்கும் விதத்தில் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை நாம் யோசித்தோமா? நானும் யோசித்ததில்லை. ஒரு சகோதரி என்னை யோசிக்க வைத்தார்.

இரவு நேரத்தில் வந்த ஒரு கேள்வி

இது இந்த மஹல்லாவில் நடந்ததல்ல. இதற்கு முன் நான் இமாமாக இருந்த ஊரில் நடந்தது. அந்தச் சகோதரி யாரென்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். சொல்வதற்கு அவரிடம் அனுமதியும் வாங்கியிருக்கிறேன்.

2023 டிசம்பர் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னை தத்தளித்தது. இரண்டு வாரம் கழித்து, 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த நாட்களில் வசூல் நடக்காத இடமே இல்லை. பள்ளிவாசலில் நாங்கள் வசூலித்தோம். பள்ளிக்கூடங்களிலும் வசூலித்தார்கள்.

ஒருநாள் இஷா தொழுகை முடிந்து வெளியே வருகிறேன். வாசலில் ஒரு சகோதரி நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஜமாஅத்தின் ஜகாத் பட்டியலில் உள்ளவர். ரமளானில் அவர் வீட்டுக்கு அரிசி மூட்டை போகும்.

"ஹஜ்ரத், ஒரு ஐநூறு ரூபா கிடைக்குமா?" என்றார். மருந்துக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு காரணம் கேட்டேன்.

"பையன் ஸ்கூல்ல வெள்ளத்துக்கு வசூல் பண்றாங்க. நாளையோட கடைசி. கிளாஸ்ல ஒரு சார்ட் ஒட்டி, எல்லார் பேருக்கு நேராவும் எவ்வளவு கொடுத்தாங்கன்னு எழுதிருக்காங்க. இவன் பேருக்கு நேரா மட்டும் ஒண்ணும் இல்ல."

என் மனதில் முதலில் எழுந்தது எரிச்சல்தான். அதை மறைக்க விரும்பவில்லை. வீட்டுக்கு அரிசி வாங்க முடியாதவர் ஊருக்குத் தர்மம் கொடுக்கக் கடன் கேட்கிறாரே என்று நினைத்தேன். "உங்க மேல அது கடமை இல்லையேம்மா. டீச்சர்கிட்ட கஷ்டத்தைச் சொல்லிடுங்க" என்றேன்.

"சொன்னேன் ஹஜ்ரத். அந்த டீச்சரும் நல்லவங்கதான். 'இவன் கொடுக்க வேணாம், இவனை விட்டுருங்க'ன்னு கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. அன்னையிலேர்ந்து ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குறான்."

எனக்குப் பதில் வரவில்லை. ஜகாத் நிதியிலிருந்து ஐநூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு மனம் அமைதியாகவில்லை. நான் கொடுத்தது ஜகாத். அதை அவர் தர்மமாகக் கொடுக்கலாமா? கொடுக்கலாம், சட்டப்படி அதில் தடையில்லை. ஜகாத் ஏழையின் கைக்குப் போன பிறகு அது அவருடைய சொந்தப் பணம். பரீரா (ரலி) அவர்களுக்கு ஒருமுறை தர்மமாக இறைச்சி வந்தது. நபி (ஸல்) அவர்கள் தர்மப் பொருளை உண்பதில்லை. ஆனாலும் அந்த இறைச்சி பரீராவுக்குத்தான் தர்மம், அவர் நமக்குத் தந்தால் அது அன்பளிப்பு என்று விளக்கம் தந்தார்கள். இது ஸஹீஹான ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி.

சட்டக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மனசாட்சியின் கேள்விக்குக் கிடைக்கவில்லை. ஜகாத் வாங்கும் ஒரு தாயை, தன் பிள்ளையின் மானத்திற்காக இரவில் வந்து தர்மப் பணம் கேட்கும் நிலைக்குத் தள்ளியது எது?

வெளிப்படையாக வசூலிப்பது தவறா?

சகோதரர்களே! எல்லோர் முன்னிலையிலும் வசூலிப்பதே தவறு என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். அல்பகரா அத்தியாயத்தின் 271-வது வசனத்தில் அல்லாஹ் வெளிப்படையாகக் கொடுக்கும் தர்மத்தையும் நல்லதென்றே சொல்கிறான். ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பதை அதைவிடச் சிறந்தது என்கிறான். இரண்டுக்கும் மார்க்கத்தில் இடம் உண்டு.

ஸஹீஹ் முஸ்லிமில் ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நீண்ட ஹதீஸ் ஒன்று இருக்கிறது. ஒருநாள் பகலின் முற்பகுதியில் முளர் கோத்திரத்தார் ஒரு கூட்டமாக மதீனாவுக்கு வருகிறார்கள். காலில் செருப்பு இல்லை. உடம்பை மூட ஒழுங்கான துணி இல்லை, கிழித்துப் போட்டுக்கொண்ட கம்பளித் துணிதான். அவர்களுடைய வறுமையைப் பார்த்ததும் நபி (ஸல்) அவர்களின் திருமுகம் மாறிவிடுகிறது. வீட்டுக்குள் போகிறார்கள், வெளியே வருகிறார்கள். பிலால் (ரலி) அவர்களை பாங்கு சொல்லச் சொல்லித் தொழவைக்கிறார்கள். பிறகு மக்களைப் பார்த்துப் பேசுகிறார்கள். தீனார், திர்ஹம், துணி, கோதுமை, பேரீச்சம்பழம் என இருப்பதிலிருந்து ஒவ்வொருவரும் கொடுக்கட்டும் என்கிறார்கள். பாதிப் பேரீச்சம்பழமாக இருந்தாலும் சரி என்றும் சொல்கிறார்கள்.

அன்ஸாரிகளில் ஒருவர் கையால் தூக்க முடியாத அளவுக்குக் கனமான ஒரு பையைக் கொண்டுவருகிறார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வரிசையாகக் கொண்டுவருகிறார்கள். உணவும் துணியுமாக இரண்டு குவியல்கள் சேர்ந்துவிடுகின்றன. அதைக் கண்டதும் பெருமானாரின் முகம் பொன்னைப்போல் பிரகாசித்தது என்று ஜரீர் (ரலி) அவர்கள் சொல்கிறார்கள். நல்ல ஒரு வழக்கத்தைத் தொடங்கி வைத்தவருக்கு அதன் கூலியும், அவரைப் பின்பற்றிச் செய்தவர்களின் கூலியைப் போன்றதும் உண்டு என்ற பெரிய சட்டத்தை நபியவர்கள் அப்போதுதான் எடுத்துரைத்தார்கள்.

இதுவும் வசூல்தான். பள்ளிவாசலில், பகலில், எல்லோர் முன்னிலையிலும் நடந்த வசூல். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் கொடுத்த வசூல். ஆக, வெளிப்படையாகக் கேட்பதில் குற்றமில்லை.

இந்த ஹதீஸை நான் மத்ரஸாவில் ஓதியிருக்கிறேன். மிம்பரில் பல தடவை சொல்லியிருக்கிறேன். அந்தத் தாய் வந்துபோன இரவில் மீண்டும் படித்தபோது, இதுவரை நான் கவனிக்காத மூன்று விஷயங்கள் தெரிந்தன.

முதலாவது, வசூலுக்கு முன்பே பெருமானாரின் முகம் மாறிவிட்டது. இரக்கம் முந்திக்கொண்டது, பணம் பிறகுதான் வந்தது. 2018-இல் கேரள வெள்ளத்தின்போது விழுப்புரத்தைச் சேர்ந்த ஒரு சிறுமி, சைக்கிள் வாங்குவதற்காக நான்கு ஆண்டுகளாக உண்டியலில் சேர்த்திருந்த ஒன்பதாயிரம் ரூபாய் அளவிலான தொகையை நிவாரணத்திற்குக் கொடுத்த செய்தியை நாமெல்லாம் படித்தோம். தொலைக்காட்சியில் வெள்ளத்தைப் பார்த்தாள், மனம் இளகியது, கொடுத்தாள். அவளை அசைத்தது சார்ட்டோ பரிசோ அல்ல.

இரண்டாவது, அங்கே சேர்ந்தது ஒரு குவியல். குவியலில் விழுந்த பிறகு எது யாருடைய பேரீச்சம்பழம் என்று தெரியாது. கனமான பையும் பாதிப் பழமும் ஒன்றாகிவிட்டன. யார் எவ்வளவு கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற பட்டியலை அங்கே யாரும் எழுதவில்லை.

மூன்றாவது, முதலில் பையைக் கொண்டுவந்த அந்த மனிதரின் பெயர் என்ன? ஜரீர் (ரலி) அவர்கள் சொல்லவில்லை. அன்ஸாரிகளில் ஒருவர் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். இத்தனை பெரிய நன்மையைத் தொடங்கி வைத்தவருடைய பெயர் அந்த அறிவிப்பில் இல்லை. அவருடைய கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்த தவறு எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்கள் வசூலித்ததில் தவறில்லை. குவியல் இருக்க வேண்டிய இடத்தில் பட்டியலை வைத்துவிட்டார்கள்.

வெட்கத்தை வைத்து வாங்கும் பணம்

ஒருவருடைய பொருள் அவர் மனமுவந்து கொடுத்தால்தான் மற்றவருக்கு ஆகுமானது என்பது நபிமொழியின் கருத்து. மனமுவந்து என்பதுதான் இங்கே அடிப்படை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதை இன்னும் ஆழமாக விளக்குகிறார்கள். பலர் கூடியிருக்கும் இடத்தில் கேட்கும்போது, வெட்கத்திற்குப் பயந்து ஒருவர் கொடுத்துவிடுகிறார். அவருடைய தோலின் மீது சாட்டை விழவில்லை, உள்ளத்தின் மீது வெட்கம் என்ற சாட்டை விழுந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்ற கருத்தை அவர்கள் எழுதுகிறார்கள்.

எட்டு வயதுப் பிள்ளையின் உள்ளத்தில் அந்தச் சாட்டை எவ்வளவு ஆழமாக விழும் என்று எண்ணிப் பாருங்கள்! பள்ளிச் சீருடை எதற்கு? பணக்கார வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரே துணியில் உட்கார வேண்டும், யாருடைய வறுமையும் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகத்தானே? சீருடையால் மூடி வைத்ததை நாமே ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவதா?

குறைவாகக் கொடுப்பவரை ஏளனமாகப் பார்ப்பது யாருடைய குணம் தெரியுமா? நபி (ஸல்) அவர்களின் காலத்தில் தர்மம் செய்யும்படி ஆர்வமூட்டப்பட்டபோது, கையில் எதுவுமில்லாத ஸஹாபாக்கள் சுமை தூக்கிக் கூலி வாங்கி, அதிலிருந்து கொடுத்தார்கள். ஒருவர் ஏராளமாகக் கொண்டுவந்தார். இது முகஸ்துதி என்றார்கள் முனாஃபிக்குகள். இன்னொருவர் கொஞ்சமாகக் கொண்டுவந்தார். இவருடைய இந்தக் கொஞ்சம் அல்லாஹ்வுக்கு எதற்கு என்று சிரித்தார்கள். தங்கள் உழைப்பைத் தவிர வேறெதுவும் இல்லாதவர்களைக் கேலி செய்த அந்தக் கூட்டத்தை தவ்பா அத்தியாயத்தின் 79-வது வசனத்தில் அல்லாஹ் கடுமையாகக் கண்டிக்கிறான்.

அதே அத்தியாயத்தில் 92-வது வசனத்தைப் பாருங்கள். தபூக் போருக்குப் புறப்பட வாகனம் கேட்டுச் சிலர் வந்தார்கள். கொடுப்பதற்கு வாகனம் இல்லை என்று நபியவர்கள் சொன்னபோது, செலவழிக்கத் தங்களிடம் எதுவும் இல்லையே என்ற துக்கத்தில் கண்ணீர் வழியத் திரும்பிப் போனார்கள். அவர்களுடைய பணத்தைப் பற்றி எழுத எதுவும் இல்லை. அவர்களுடைய கண்ணீரை அல்லாஹ் குர்ஆனில் பதிந்துவிட்டான்.

அந்தப் பையனும் அழுதுகொண்டுதான் வீட்டிலிருந்தான். அவனுக்கும் கொடுக்க ஆசை இருந்தது. "இவனை விட்டுருங்க" என்று ஆசிரியை சொன்னது இரக்கத்தால்தான். ஆனால் அந்த வார்த்தை அவனைக் கொடுப்பவர்களின் வரிசையிலிருந்து வெளியே நிறுத்திவிட்டது. ஏழைக்குச் சாப்பாடு மட்டும் போதும் என்று நாம் நினைக்கிறோம். அவனுக்கும் கொடுக்கின்ற கை வேண்டும்.

அது யாருடைய பணம்?

ஃபிக்ஹுச் சட்டம் ஒன்றையும் இங்கே தெரிந்துகொள்ளுங்கள். பருவமடையாத பிள்ளைக்கென்று சொந்தமாக இருக்கும் பொருளை அவன் தானமாகக் கொடுத்தால் அது செல்லாது. ஹனஃபி மத்ஹபிலும் ஷாஃபிஈ மத்ஹபிலும் இதுதான் சட்டம். தகப்பனார் அனுமதித்தாலும் செல்லாது. பிள்ளைக்கு அன்பளிப்பு வந்தால் அதை ஏற்றுக்கொள்ளலாம், அது முழு லாபம். அவன் பொருளை இலவசமாகக் கொடுத்துவிடுவது உலகக் கணக்கில் முழு இழப்பு. அந்த இழப்பிலிருந்து அவனைக் காக்கவே வலீ இருக்கிறார்.

ஆகவே பெருநாள் காசாகப் பிள்ளைக்கு வந்த பணத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். உங்கள் பணத்தை, "இது ஏழைகளுக்காக அத்தா கொடுக்கிறேன், உன் கையால் போட்டுவிட்டு வா" என்று சொல்லிக் கொடுங்கள். தர்மம் உங்களுடையது, பழக்கம் பிள்ளைக்குரியது. ஒரு பெண்மணி தன் குழந்தையைத் தூக்கிக் காட்டி இவனுக்கு ஹஜ் உண்டா என்று கேட்டபோது, உண்டு, உனக்கும் அதில் கூலி இருக்கிறது என்ற பதிலை நபி (ஸல்) அவர்கள் தந்தார்கள். பிள்ளைகளை நன்மையில் பழக்குபவருக்கும் பங்கு இருக்கிறது.

இதில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. தன் பொருளைக் கொடுக்கவே சட்டப்படி உரிமையில்லாத ஒரு குழந்தையை, ஏன் கொடுக்கவில்லை என்று நிற்க வைத்து நாம் கேட்கிறோம். கேட்க வேண்டியது பெரியவர்களிடம். தமிழ்நாட்டில் காமராஜர் ஆட்சிக் காலத்தில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது, ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்க்காரர்கள் நிலமும் கட்டிடமும் பெஞ்சும் நாற்காலியும் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் பெரியவர்கள், பெற்றவர்கள் பிள்ளைகள்.

அந்தத் தலைமையாசிரியை சொன்ன பதில்

சில நாட்கள் கழித்து அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியையைப் பார்க்கப் போனேன். யாருடைய பெயரையும் சொல்லாமல், சார்ட் ஒட்டுவதைப் பற்றி மட்டும் பேசினேன். அவர் கோபப்படவில்லை.

"ஐயா, சார்ட் ஒட்டினாத்தான் பெற்றோர் கொடுக்குறாங்க. வெறும் நோட்டீஸ் அனுப்பினா பையிலேயே கிடக்குது" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றையும் சொன்னார். "தப்பா நினைக்காதீங்க. உங்க பள்ளிவாசல்லயும் மைக்ல பேர் சொல்லித்தானே வசூல் பண்றீங்க? எங்க வீடு வரைக்கும் கேக்குது."

நான் தலை குனிந்தேன். இன்னார் பத்தாயிரம், பாரக்கல்லாஹ்! இன்னார் ஐயாயிரம், பாரக்கல்லாஹ்! என்று அறிவித்தது என்னுடைய குரல்தான். கஞ்சிக்குக் கொடுத்தவர்களின் பெயரைத் தொகையோடு பலகையில் எழுதியதும் நாங்கள்தான். பள்ளிக்கூடத்திற்கு அந்தச் சார்ட்டைச் சொல்லிக்கொடுத்ததில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் என் சின்ன வயது நினைவு வந்தது. டிசம்பர் 7-ஆம் தேதி கொடிநாள். 1949 முதல் நம் நாட்டில் படைவீரர்களுக்காக நிதி திரட்டும் நாள். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கு உண்டியலும் காகிதக் கொடிகளும் வந்தன. காசு போட்டால் சட்டையில் கொடியைக் குத்திவிடுவார்கள். அன்று என்னிடம் காசு இல்லை. சட்டையில் கொடி இல்லாமல் எப்படி வெளியே போவது என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். எங்கள் வாத்தியார் முதலில் வகுப்பில் இருந்த எல்லோருக்கும் கொடியைக் குத்திவிட்டார். பிறகு உண்டியலைக் கடைசிப் பெஞ்சில் வைத்து, "போறப்ப இருக்கிறவங்க போட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று அவர் பார்க்கவில்லை. அவர் முஸ்லிம் அல்ல, ஹதீஸ் படித்தவரும் அல்ல. ஆனால் வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல் கொடுப்பவர் அர்ஷின் நிழலில் இருப்பார் என்ற ஹதீஸை நான் பின்னாளில் மத்ரஸாவில் ஓதியபோது, என் கண்முன் வந்து நின்றவர் அவர்தான்.

குறைந்துபோன தொகை

அடுத்த ஆண்டு, 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலால் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மாவட்டங்கள் பாதிக்கப்பட்டன. அந்தப் பள்ளிக்கூடத்தில் மீண்டும் வசூல் நடந்தது. இந்தத் தடவை சார்ட் இல்லை. வாய் சுருக்கிய ஒரு துணிப்பையை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோனார்கள். எல்லாப் பிள்ளைகளும் கையை உள்ளே விட்டு எடுத்தார்கள். உள்ளே போட்டது யார், வெறுங்கையை விட்டு எடுத்தது யார் என்று தெரியாது. சோப்பு, அரிசி, பழைய துணி என்று வந்த பொருட்களைப் பிரித்து மூட்டை கட்டும் வேலையையும் பிள்ளைகளிடமே கொடுத்தார்கள். அந்தப் பையனும் வந்து வேலை செய்தான். சாக்கு மூட்டைக்கு அவன் போடுகிற முடிச்சு யார் இழுத்தாலும் அவிழவில்லை என்று தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

ஆனால் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். பணம் குறைந்துவிட்டது. முந்தைய ஆண்டில் வந்ததில் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் வந்தது. பள்ளிவாசலிலும் அந்த வாரம் பெயர் சொல்லாமல் வாசலில் துணி விரித்தோம். அதிலும் வழக்கமாக வருகிற அளவு வரவில்லை.

ஒரு இளைஞர் என்னிடம் நேராகவே கேட்டார். "ஹஜ்ரத், நம்ம பேணுதலால நஷ்டம் யாருக்கு? வீட்டுக்குள்ள தண்ணி புகுந்தவங்களுக்குத்தானே?"

நியாயமான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு உரிமையில்லை. பசித்திருப்பவனுக்கு என் நுணுக்கமான பேச்சு சோறாகாது. அதனால் இரண்டு விஷயங்களைப் பிரித்துச் சொல்கிறேன்.

பெரியவர்களிடம் பெயர் சொல்லி வசூலிப்பதை நான் ஹராம் என்று சொல்லவில்லை. மற்றவர்களுக்கு ஆர்வமூட்டும் நிய்யத்தில் வெளிப்படையாகக் கொடுப்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ரியா வராமல் பார்த்துக்கொள்வது அவரவர் பொறுப்பு. மேலும், பெரியவருக்கு விருப்பமில்லை என்றால் எழுந்து போய்விடலாம். ஆனால் பிள்ளை எழுந்து போக முடியாது. நாளைக்கும் அதே வகுப்பு, அதே பெஞ்ச், அதே சுவர். தப்பித்துப் போக வழியில்லாதவரை வெட்கப்படுத்தி ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. அந்தப் பணத்தால் ஊரே பயனடைந்தாலும் கூடாது.

குறைந்த பணத்தை ஈடுகட்ட வேண்டியது யார்? நாம்தான். பிள்ளைகளின் வெட்கத்தில் இத்தனை நாளும் வந்துகொண்டிருந்த பணம் உண்மையில் நம் கஞ்சத்தனத்தின் அளவு. நோட்டீஸ் பையிலேயே கிடந்தபோது அதை எடுத்துப் பார்க்காதவர்கள் நாம். நம்மை அசைக்க ஒரு குழந்தையின் கண்ணீர் தேவைப்பட்டது என்றால், நாம் சார்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

பணம் இல்லாதவரின் தர்மம்

அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஒவ்வொரு முஸ்லிமும் தர்மம் செய்ய வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். கையில் எதுவும் இல்லையென்றால்? உழைத்துத் தானும் பயனடைந்து தர்மமும் செய்யட்டும். அதுவும் முடியாவிட்டால்? நெருக்கடியில் இருப்பவருக்கு உதவட்டும். அதுவும் முடியாவிட்டால்? நன்மையை ஏவட்டும். அதுவும் முடியாவிட்டால்? தீமை செய்யாமல் இருக்கட்டும், அதுவே அவருக்குத் தர்மம்.

ஸஹாபாக்கள் ஒவ்வொரு படியாகக் கேட்கக் கேட்க, பெருமானார் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போனார்கள். முடியாதவரை விட்டுவிடுங்கள் என்று ஒருமுறையும் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரு வழியைக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும். மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, பாதையில் கிடக்கும் கண்ணாடித் துண்டை எடுத்துப்போடுவது, காய்ச்சலில் லீவு போட்டவனுக்குப் பாடத்தை எழுதிக்கொடுப்பது, மூட்டை கட்டுவது எல்லாமே தர்மம்தான் என்று சொல்லிக்கொடுத்தால், எந்தப் பிள்ளையும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

பள்ளிக்கூடத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் அன்றே பாருங்கள். வெள்ளத்தில் மற்றவர்கள் என்ன கஷ்டப்படுகிறார்கள் என்பதைப் பிள்ளைக்கு முதலில் சொல்லுங்கள், பிறகு பணத்தைக் கொடுங்கள். "உன் ஃபிரண்டு எவ்வளவு கொடுத்தான்?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பட்டியல் ஆரம்பித்துவிடுகிறது. பெற்றோர் கூட்டத்திற்குப் போகும்போது, சார்ட்டும் அதிகம் வசூலித்த பிள்ளைக்கு ஷீல்டும் வேண்டாம் என்று மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். வசதியுள்ளவர்கள் தலைமையாசிரியரைத் தனியாகப் பார்த்து, "எவ்வளவு குறைகிறதோ என்னிடம் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். நம் மஹல்லாவின் மக்தப் மத்ரஸாவிலும் இன்று முதல் துணிப்பைதான். கொடுத்தவர் பலகையும் இருக்காது. நிர்வாகிகளிடம் பேசிவிட்டேன், அவர்களும் சம்மதித்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

அந்தச் சகோதரி பிறகு ஒருநாள் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், அன்னைக்கு வாங்கின ஐநூறைத் திருப்பித் தரணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன், அது உங்கள் உரிமை என்றேன். ஆனால் அன்று அவரிடம் "உங்க மேல கடமை இல்லையேம்மா" என்று நான் சொன்ன வார்த்தை இன்னும் என் மனதில் உறுத்துகிறது. கடமை இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. கொடுக்க ஆசைப்படும் ஓர் உள்ளம் எப்படித் துடிக்கும் என்பதை அந்தத் தாயிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை இரக்கமுள்ளவர்களாக ஆக்குவாயாக! எங்கள் தர்மங்களை முகஸ்துதியிலிருந்தும், சொல்லிக்காட்டுவதிலிருந்தும், பிறரைப் புண்படுத்துவதிலிருந்தும் காப்பாற்றுவாயாக! கொடுக்க ஆசையிருந்தும் வசதியில்லாதவர்களுக்கு வசதியைத் தருவாயாக! வசதியிருந்தும் மனமில்லாத எங்களுக்கு மனதைத் தருவாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.